கரண்ட் பில் யாருக்கு, ஆஸ்பத்திரி பில் யாருக்கு?

கேள்வி: தெருவிளக்கை எல்.இ.டி. ஆக்கினார்கள், மின்சாரம் மிச்சம் என்று கைதட்டினோம். இப்போது குடியிருப்புத் தெருவில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதே என்கிறார்கள். குண்டும் குழியுமான சென்னையில் 30-ஐத் தொடுவதே சாதனை. இது அபராத வசூலுக்கான வழிதானே?
– வாசகர் ஒருவர், கொளத்தூர்

பதில்: 30-ஐத் தொடவே முடியாது என்றால் உங்களுக்கு அபராதம் வரப்போவதில்லை. பிறகு ஏன் பதற்றம்? குழி இல்லாத தெருவும், அதில் ஆள் இல்லாத இரவு பதினொரு மணியும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

2023 ஜூனில், ரேடார் வைத்துப் பிடிப்போம், பகலில் 40-ஐத் தாண்டினால் அபராதம் என்று போக்குவரத்துப் போலீஸ் சொன்னது. ஊரே கொதித்தது. அதே ஆண்டு நவம்பர் 4 முதல் காருக்கு 60, பைக்குக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40 என்று ஆனது. கார்க்காரர்கள் போட்ட சத்தத்துக்கு 20 கிலோமீட்டர் போனஸ்! குடியிருப்புப் பகுதிக்கு மட்டும், எந்த வண்டியானாலும் 30. நடந்து போகிறவனுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். அதிலும் கை வைக்கிறீர்கள்.

30-இல் போகும் வண்டி நொடிக்கு எட்டு மீட்டர் சொச்சம் ஓடும். பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பையன் கேட்டைத் தாண்டி வந்துவிடுகிறான். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. பிரேக் பிடித்து நிற்க, நல்ல ரோடு, நல்ல டயர் என்றால் இன்னும் ஐந்து மீட்டர். ஆக, 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 60-இல் வந்தால் அந்த முதல் ஒரு நொடிக்கே கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். அதாவது, 30-இல் வந்தவர் நிறுத்திவிட்டுப் பையனைத் திட்டத் தொடங்கும் இடத்தை, 60-இல் வந்தவர் பிரேக்கைத் தொடாமலே தாண்டியிருப்பார்.

2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாட்டில் நடந்த சாவுகளில் பத்துக்கு ஏழு, மிகைவேகத்தால் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. வேகமாக ஓட்டிய காருக்குச் சட்டப்படி அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. அதைக் கட்டாமல் தப்பிக்கும் உபாயம் உங்கள் வலது காலடியிலேயே இருக்கிறது.

ஆனால் மாநகராட்சிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 வாட்டுக்கு மேல் தின்னும், எல்.இ.டி. டியூப்புக்கு 20 போதும். பழைய சீலிங் ஃபேனுக்கு 75 வாட், பி.எல்.டி.சி. என்கிற புதுவகை மோட்டார் வைத்த ஃபேனுக்கு 30 சொச்சம். பள்ளிக்கூடமோ வார்டு ஆபீஸோ, மாற்றிய மாதமே மீட்டரில் தெரியும். எந்த ஊர் நிர்வாகமும் இதில் சுறுசுறுப்புக் காட்டக் காரணம், கரண்ட் பில் அதன் மேஜைக்கே வருகிறது. விபத்தின் பில் உங்கள் வீட்டுக்கு வருகிறது, அல்லது என் வீட்டுக்கு. அதைக் கட்டுவது ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் என்பதால் எந்த பட்ஜெட்டிலும் அது ஏறுவதில்லை.

அதனால்தான் விளக்குக்கு டெண்டர், வேகத்துக்கு வெறும் போர்டு. வேகத்தடை எப்படி இருக்கவேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் (கட்சி அல்ல, சாலைப் பொறியாளர்களின் அமைப்பு) அளவே கொடுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் இடுப்பு தப்பிக்கும். நம் தெருக்களில் கிடப்பவை பெரும்பாலும் தென்னைமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டது போல. நான் குடியிருக்கும் தெருவில், ராத்திரியில் இரண்டு பேர் விழுந்த பிறகு, டீக்கடைக்காரர் ஒரு வாளிச் சுண்ணாம்பைக் கரைத்துத் தானே கோடு போட்டார். மழை வந்தால் மறுபடியும் போடுகிறார்.

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் பாதிக்கும் மேற்பட்ட தெருக்களுக்கு 30-தான் வரம்பு. 2024 ஜூலை தொடங்கி ஓராண்டு முழுக்க அங்கே சாலை விபத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. அங்கே போர்டு மட்டும் வைக்கவில்லை. தெருவைக் குறுக்கினார்கள், கேமராவும் வைத்தார்கள். 'அது ஃபின்லாந்து சார்' என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள். கூடவே உங்கள் தெரு வேகத்தடையை டேப் வைத்து அளந்து அந்த அளவையும் அனுப்புங்கள், போடுகிறேன்.