அந்த வெள்ளி கப் – கடிதம்

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை ராத்திரி நானும் என் வீட்டுக்காரியும் தி விட்ச்ங்கற இங்கிலீஷ் பேய்ப்படம் பாத்தோம், ஊரை விட்டு காட்டோரம் தனியா வாழற ஒரு குடும்பத்தோட கதை. ஆபீஸ்ல பசங்க பயங்கரமா இருக்கும்னு ஏத்தி விட்டிருந்தாங்க. முக்கால் மணி நேரம் ஓடியும் ஒண்ணும் நடக்கல, அப்பா விறகு வெட்றாரு, அம்மா அழுவுறாங்க, எல்லாரும் ஜெபம் பண்றாங்க, இங்கிலீஷும் பாதி புரியல. அவ தூங்கிட்டா. நான் மட்டும் உக்காந்து முடிச்சேன், கடைசி சீன் பாத்துட்டு இதுக்கா இவ்ளோ நேரம்னு எரிச்சல்தான் வந்துச்சு. ஆனா மூணு நாளா அந்த வீட்டு கருப்பு ஆட்டோட மூஞ்சி மனசை விட்டுப் போகல. புடிச்சுதா புடிக்கலயான்னு எனக்கே தெரியலக்கா. நீங்க என்ன நினைக்கிறீங்க?

ஒரு வாசகர், பானஸ்வாடி, பெங்களூரு

அன்புள்ள தம்பி,

எனக்கும் அந்தப் படத்தோட கணக்கு இன்னும் தீரல. மூணு தடவை பாத்தாச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு இடத்துல அப்படியே உருகிப் போறேன், இன்னொரு இடத்துல கோவம் வருது.

ஒண்ணும் நடக்கலன்னு சொல்றீங்களே, அந்த வெள்ளி கப்பை கவனிச்சீங்களா? அம்மாவோட கப். சோளம் கெட்டுப் போச்சு, குளிர்காலம் வருது, அப்பா வில்லியம் யாருக்கும் தெரியாம அதைக் குடுத்துட்டு காட்டுல வைக்க பொறி வாங்கிட்டாரு. அம்மா கப்பைக் காணோம்னு மூத்த பொண்ணு தாமசின் மேல பாயுறாங்க. அப்பா அங்கயேதான் இருக்காரு, வாயைத் தெறக்கல. ரொம்ப நேரம் கழிச்சுதான் ஒத்துக்கிறாரு. எனக்கு பயம் ஆரம்பிச்சது அந்த மௌனத்துலதான், காடு, முயல், ஆடு எல்லாம் அதுக்கப்புறம். தாமசின் கைக்குழந்தைக்கு கண்ணைப் பொத்தி விளையாட்டு காட்டிட்டிருக்கும்போது அது காணாம போச்சு, அந்தப் பழி ஏற்கனவே அவ தலைல, இப்ப கப்பும் சேருது, போதாக்குறைக்கு தொல்லை பண்ற தங்கச்சியை அடக்கறதுக்காக நான்தான் அந்த சூனியக்காரின்னு பயமுறுத்தி வைக்கிறா, அந்த வார்த்தையே அவளுக்கு எதிரா சாட்சி ஆயிடுது. பெத்த பொண்ணை சூனியக்காரின்னு நம்ப ஒரு குடும்பம் எப்படி ஒவ்வொரு படியா எறங்குதுன்னு காட்டறதுக்குத்தான் அந்த 92 நிமிஷமும். வேகமா சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

இங்கிலீஷ் புரியாததுக்கு காரணம் இருக்கு. கதை 1630கள்ல அமெரிக்கால நியூ இங்கிலாந்துங்கற பகுதில நடக்குது, அந்தக் காலத்து டைரி, கோர்ட் பதிவுகள்லருந்துதான் வசனத்துல நிறைய எடுத்திருக்கோம்னு படத்தோட கடைசியிலயே கார்டு போடறாங்க. டைரக்டர் ராபர்ட் எக்கர்ஸுக்கு இது முதல் படம், 2015 சண்டான்ஸ் திரைப்பட விழால டைரக்‌ஷன் அவார்டு வாங்குனாரு. ஜன்னல் வெளிச்சம், மெழுகுவர்த்தி வெளிச்சம்னே பெரும்பாலும் எடுத்திருக்காங்க, அதனால ஹால்ல லைட்டைப் போட்டுட்டுப் பாத்தா பாதி படம் கண்ணுக்கே தெரியாது.

இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, அந்த மெதுவை நான் நேர்ல பாத்திருக்கேன். தொண்ணூறுகள்ல நாங்க அல்சூர் பக்கம் லைன் வீட்ல இருந்தோம். பெங்களூரு பூரா நாளே பா பயம் இருந்த நேரம், ராத்திரி ஒரு பேய் வந்து தெரிஞ்சவங்க குரல்ல கூப்பிடும், கதவைத் தெறந்தா செத்தோம், அதனால கதவுல நாளைக்கு வான்னு கன்னடத்துல எழுதி வைக்கணும். எங்க லைன்ல கடைசி வீட்ல ஒரு அக்கா தனியா இருந்தாங்க, குழந்தை இல்ல, புருஷன் விட்டுட்டுப் போயிட்டாரு. சாயந்திரம் பேக்கரி பன்னை ரெண்டா வெட்டி வெண்ணெய் தடவி எங்களுக்கெல்லாம் குடுப்பாங்க. மொதல்ல குழாயடில தண்ணி சண்டை. அப்புறம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு விடாத ஜுரம். அப்புறம் யாரோ வாசல்ல எலுமிச்சம்பழம் பாத்தாங்களாம். சூனியக்காரின்னு யாரும் வாய்விட்டு சொன்னதே இல்ல, பன் வாங்கித் தின்னாதேன்னு மட்டும் சொன்னாங்க. சாக்பீஸ் எடுத்துட்டு பசங்க எல்லா வீட்டுக் கதவுலயும் நாளே பா எழுதுனோம், அவங்க கதவுல மட்டும் எழுதல. நானும் அதுல இருந்தேன். அவங்க வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. கொஞ்ச நாள்ல காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, எங்க போனாங்கன்னு யாரும் கேக்கக்கூட இல்ல.

அதனாலதான் என் கோவமும். குழந்தை காணாம போன கொஞ்ச நேரத்துலயே, காட்டுக்குள்ள ஒரு குடிசைல நிஜமான சூனியக்காரி அந்தக் குழந்தையை என்ன பண்றான்னு காட்டிடறாங்க. அப்ப அந்த வீட்ல எல்லாரும் பயந்தது சரின்னு ஆயிடுது, தப்பான ஆளைக் கை காட்டுனாங்க, அவ்ளோதான். ஆனா நெஜத்துல, கதை நடக்கற காலத்துக்கு அறுபது வருஷம் கழிச்சு 1692ல அதே நியூ இங்கிலாந்துல சேலம்ங்கற ஊர்ல (நம்ம சேலம் இல்ல) நடந்த சூனிய விசாரணைல 19 பேரைத் தூக்குல போட்டாங்க, ஒரு கிழவரை மேல கல்லை அடுக்கி நசுக்கியே கொன்னாங்க, அங்க எந்தக் காட்டுலயும் எந்த சூனியக்காரியும் இல்ல. இதெல்லாம் பழைய கதையும் கிடையாது. அஸ்ஸாம்ல பிருபாலா ராபா, ஜார்க்கண்ட்ல சுட்னி மஹதோ, ரெண்டு பேரும் சூனியக்காரின்னு பொண்ணுங்களை அடிச்சுத் தொரத்தறதுக்கு எதிரா போராடுனவங்க, ரெண்டு பேருக்கும் 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. சுட்னி அம்மாவையே அவங்க ஊர்ல சூனியக்காரின்னு சொல்லி சித்ரவதை பண்ணி வெளிய தொரத்தியிருக்காங்க. இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அந்தக் குடிசை சீனைப் பாக்கறப்ப எனக்கு உறுத்தத்தான் செய்யுது.

இது நாட்டார் கதைன்னு படத்தோட பேர்லயே போட்டிருக்காங்களே, அந்த ஜனங்க நம்புனதை அவங்க கண்ணாலயே காட்டறாங்கன்னு என் ஃப்ரெண்டு ஒருத்தி வாதாடுவா. பாதி ஒத்துக்கறேன். ஆனா நம்ம நாட்டார் கதைல அநியாயமா செத்த பொண்ணு இசக்கியாகி கோயில்ல ஒக்காருறா, அவளுக்கு ஊரே பொங்கல் வைக்குது, அவகிட்ட ஊர் பண்ண தப்பு மறக்காம இருக்கறதுக்கு ஒரு எடம் இருக்கு. தாமசினுக்கு அப்படி ஒரு எடமே கிடையாது, போகறதுக்கு அந்தக் காடு மட்டும்தான்.

நீங்க எரிச்சலானீங்களே, அந்தக் கடைசிப் பகுதில எனக்கு மனசு ஆறாத எடம் அவ அந்தரத்துல மெதக்கறது இல்ல, அதுக்கு கொஞ்சம் முன்னாடி. வீடு பூரா செத்துக் கெடக்குது, அவ மட்டும் மிச்சம். இருட்டுல ஆடு பேசுது, அதுதான் சாத்தான். என்ன வேணும்னு அது கேக்குது, உன்னால என்ன தர முடியும்னு அவ கேக்குறா, வெண்ணெய் ருசி வேணுமா, அழகான கவுன் வேணுமான்னு அந்தக் குரல் கேக்குது. சாத்தான், ராஜ்ஜியம் தரேன்னு சொல்லல தம்பி, வெண்ணெய்ங்குது. படம் பூரா அந்தப் பொண்ணுகிட்ட உனக்கு என்ன வேணும்னு வேற யாரும் கேட்ட மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. அந்த எடத்துல எனக்கு தாமசினா நடிச்ச ஆன்யா டெய்லர்-ஜாய் மூஞ்சி தெரியறது நின்னுடும், அந்தக் கடைசி வீட்டு அக்கா பன் தட்டோட நிக்கறதுதான் தெரியும்.

அதனால புடிச்சுதா இல்லையான்னு ஒரே வார்த்தைல என்னால சொல்ல முடியல. இன்னொரு தடவை பாருங்க, லைட்டை அணைச்சுட்டு, வீட்ல அவங்களையும் கூட வெச்சுக்கிட்டு. ஆட்டை விட்டுடுங்க, கப் தொலைஞ்சதுலருந்து அப்பா மூஞ்சியை மட்டும் பாத்துக்கிட்டே வாங்க. அவங்களுக்கு என்ன தோணுச்சுன்னு எனக்கு எழுதச் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா