மரம், பிரம்பு, இரும்பு, ரெக்ஸின்: எல்லாவற்றுக்கும் ஒரே திரவம் போதுமா?

மர மேசை, பிரம்பு நாற்காலி, இரும்பு பீரோ, பளிங்குப் பலகை போட்ட சிறுமேசை, துணி சோபா, ரெக்ஸின் சோபா என்று கலந்து வைத்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் துடைக்க ஒரே திரவம் போதுமா, மாதந்தோறும் பாலிஷ் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் போதாது. இரண்டாவதற்கு வேண்டவே வேண்டாம்.

பழைய மரச்சாமான்களை வாங்கிச் சீர்செய்து பயன்படுத்துவது என் நெடுநாள் வழக்கம். கைக்கு வந்து சேர்பவற்றில் அழுக்கால் கெட்டவற்றைவிடத் துடைத்துத் துடைத்தே கெடுக்கப்பட்டவைதான் அதிகம்.

மேசையைத் துடைக்கும்போது பெரும்பாலும் உங்கள் துணி மரத்தைத் தொடுவதே இல்லை, மேலே இருக்கும் பூச்சைத்தான் தொடுகிறது. ஆகவே அது என்ன பூச்சு என்று முதலில் பாருங்கள். மேசைக் காலின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில், பஞ்சில் தொட்ட ஒரு சொட்டு ஸ்பிரிட்டை வைத்துச் சிறிது நேரம் கழித்து விரலால் தொடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்குப் பூச்சு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பூசுகிறார்கள், எனவே ஸ்பிரிட் பட்டதும் மறுபடி இளகிவிடுகிறது. அந்த மேசையின் பக்கம் சானிடைசரையோ ஆல்கஹால் கலந்த கண்ணாடித் திரவத்தையோ கொண்டுபோகாதீர்கள். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை என்றால் பாலியூரித்தேன் போன்ற கெட்டியான பூச்சாக இருக்கும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, உடனே உலர்ந்த துணி. அவ்வளவு போதும்.

சூடான கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்தால் பதற வேண்டாம். ஈரம் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்துக் காட்டினால் பெரும்பாலும் மங்கி மறையும். வளையம் கறுப்பாக இருந்தால் கதை வேறு. நீர் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. இரும்புப் பொருள் ஏதாவது ஈரத்தோடு அங்கே இருந்திருந்தால், மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து மை போன்ற கறை பிடித்திருக்கும். பூச்சை எடுத்துவிட்டு ஆக்சாலிக் அமிலம் கொண்டு வெளுக்க வேண்டிய வேலை அது. அந்த அமிலம் நச்சு என்பதால் பழகியவரிடம் விட்டுவிடுவது நல்லது.

இப்போது பாலிஷ். தெளித்தவுடன் பளபளக்கும் ஸ்பிரேக்கள் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அதன் தொல்லை இன்று தெரியாது. என்றாவது புதிதாக வார்னிஷ் அடிக்கும்போது, சிலிக்கோன் படிந்த இடங்களில் வார்னிஷ் பரவாமல் சின்னச் சின்னக் குழிகளாக விலகி நிற்கும். பாலிஷ் வேலை செய்பவர்கள் இதைப் பார்த்தாலே தலையில் கைவைத்துக்கொள்வார்கள். தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் தடவும் யோசனைகளும் உலவுகின்றன. அவை உலரும் எண்ணெய்கள் அல்ல. பிசுக்காகவே தங்கித் தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடையும் அடிக்கும். பூச்சே இல்லாத மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பொருந்தும், அது காற்றுப் பட்டு இறுகிவிடும். ஆனால் அதைத் தடவிய துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். இறுகும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல், தீக்குச்சி இல்லாமலேயே துணி தீப்பற்றும். வெளியில் விரித்துப் போட்டு முழுக்கக் காய்ந்த பிறகு எறியுங்கள். பூச்சுள்ள மரத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை மெழுகு பாலிஷ் மெல்லியதாகப் போட்டுத் துடைத்தெடுத்தால் தாராளம்.

மைக்கா ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு அலமாரியின் முகம் நீருக்கு அஞ்சாது, ஓரம்தான் அஞ்சும். தரை துடைக்கும் ஈரம் அடிப்பக்க ஓரத்தில் ஏறினால் உள்ளிருக்கும் மரத்தூள் உப்பிவிடும். உப்பியது மறுபடி வற்றாது.

எனக்கு மிகவும் பிடித்தது பிரம்பு. இருக்கைப் பின்னல் தொய்ந்துவிட்டதென்று தூக்கிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். இழை எதுவும் அறுந்திருக்காவிட்டால் நாற்காலியைக் கவிழ்த்து வையுங்கள். பின்னலின் மேற்புறம் வழவழப்பான தோல், நீர் எளிதில் இறங்காது. அடிப்புறம்தான் நீர் குடிக்கும். வெந்நீரில் நனைத்த துணியை அடிப்புறத்தில் விரித்து, இழைகள் நன்றாக ஊறும்வரை வைத்திருங்கள். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் முழுக்க உலர விடுங்கள். உலரும்போது இழைகள் சுருங்கி, தளர்ந்த பின்னல் விண்ணென்று இறுகும். அதுவரை யாரையும் அதில் உட்காரவிடாதீர்கள். பிரம்பு போலத் தோன்றும் பிளாஸ்டிக் பின்னலுக்கு இந்த வைத்தியம் பலிக்காது.

பீரோவில் துருப் புள்ளி கண்டால் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, உடனே பிரைமர் பூசிவிடுங்கள். நாளை பார்க்கலாம் என்று விட்டால் மறுபடி துருவேறும். எவர்சில்வர் கால்களில் ப்ளீச்சிங் திரவம் வேண்டாம், குளோரின் அதிலும் குழி போடும்.

பளிங்குக்கு வினிகரும் எலுமிச்சையும் பரம எதிரிகள். பளிங்கு கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் பட்ட இடம் அரித்து மங்கிப்போகும். அதைக் கறை என்று நினைத்து இன்னும் வினிகர் விட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு!

துணி சோபாவின் மெத்தைக்கு அடியில் சீட்டு ஏதும் தைத்திருக்கிறதா பாருங்கள். அதில் 'டபிள்யூ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் நீர் கலந்து துடைக்கலாம். 'எஸ்' என்றால் நீரில்லாத கரைப்பான் மட்டும், 'எக்ஸ்' என்றால் தூசி உறிஞ்சுவதோடு சரி.

ரெக்ஸினுக்கு மிதமான சோப்பு நீரும் மென்துணியும் போதும். ஸ்பிரிட்டும் தின்னரும் வைத்துத் தேய்த்தால் மேற்பூச்சு கெட்டு வெடிக்கும். அசல் தோலுக்கான கிரீமை இதற்கு வாங்காதீர்கள், பிளாஸ்டிக் பூச்சுக்குள் அது இறங்காது. செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டதென்றால் மேற்பூச்சே சிதைகிறது என்று பொருள். எதைத் தடவினாலும் நிற்காது, உறையை மாற்றிவிடுங்கள்.