வலது எஞ்சின் மட்டும் ஏன் சோர்ந்துபோகிறது?

கேள்வி: ஐயா, புதுச்சேரியில் டைவிங் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் 28 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். பின்னால் இரண்டு 115 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டேங்க். தேங்காய்த்திட்டு முகத்துவாரம் தாண்டி முழு லீவர் கொடுத்தால் இரண்டும் 5600 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சேர்ந்தே ஏறுகின்றன. மூன்று நான்கு நிமிடத்தில் வலது மட்டும் 4700க்கு இறங்கி, அங்கேயே ஏறி இறங்கித் தள்ளாடுகிறது. படகும் வலப்பக்கம் இழுக்கிறது. பாதி வேகத்தில் ஒரு குறையும் இல்லை. பட்டறையில் ஸ்பார்க் பிளக் மாற்றி, இன்ஜெக்டர் கழுவிக் கொடுத்தார்கள். பலன் இல்லை. இப்போது பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. பம்ப் எங்கேயும் ஓடிப்போகாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் முக்கியம். பாதி வேகத்தில் குறை இல்லை என்பது ஒன்று. இறங்குவதற்கு மூன்று நான்கு நிமிடம் ஆகிறது என்பது இன்னொன்று. பிளக்கோ இன்ஜெக்டரோ கெட்டிருந்தால் பெரும்பாலும் லீவரைத் தள்ளிய உடனேயே தெரிந்திருக்கும், இப்படித் தவணை கொடுக்காது. உங்கள் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். இந்த அளவு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 40 லிட்டர் போலக் குடிக்கும். 3000 ஆர்.பி.எம்.மில் 12 லிட்டர் சுமாருக்குப் போதும். வழியில் எங்கோ அடைப்பு இருந்து மணிக்கு 25 லிட்டர்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வேகத்தில் அது தாராளம். முழு வேகத்தில் நிமிடத்துக்குக் கால் லிட்டர் துண்டு விழும். எஞ்சினுக்குள்ளேயே ஒரு லிட்டர்கூடப் பிடிக்காத சின்னப் பெட்ரோல் தொட்டி ஒன்று இருக்கிறது. அந்தக் கையிருப்பு தீரும்வரை எஞ்சின் ஓடும், அப்புறம் தள்ளாடும். உங்கள் மூன்று நான்கு நிமிடம் அநேகமாக அங்கேதான் போகிறது.

சூடேறினாலும் வேகம் இறங்கும். முகத்துவாரத்தில் மணல் தூர்ந்து கிடப்பதால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் சீக்கிரம் தேய்வதும் உண்டு. ஆனால் அப்போது பஸ்ஸர் கத்தும், எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைச் சட்டென்று வெட்டும். இப்படி ஏறி இறங்கி ஆடாது. எதற்கும் இரண்டு எஞ்சினிலிருந்தும் பீய்ச்சும் தண்ணீரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்.பி.எம். மீட்டரே பொய் சொல்வதும் உண்டு. படகு வலப்பக்கம் இழுப்பதால் உங்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. மற்ற வாசகர்களுக்குச் சொல்கிறேன்: மீட்டரை விட்டுக் காதைக் கொடுங்கள். இரண்டு எஞ்சினின் வேகமும் நெருங்க நெருங்க, சேர்ந்த இரைச்சல் 'வோம்... வோம்...' என்று மெதுவாக அலை அடிக்கும். சமமானதும் அலை நின்று ஒரே சத்தமாகிவிடும். மீட்டர் 300 வித்தியாசம் காட்டும்போது சத்தம் ஒன்றாக இருந்தால், பழுது மீட்டரில்தான்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். கடல் அமைதியாக இருக்கும் நாளில், பயணிகள் இல்லாமல், கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வலது எஞ்சின் இறங்க ஆரம்பித்ததும் அவர் அந்தப் பக்கத்துப் பிரைமர் பல்பை (பெட்ரோல் ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் கைப்பம்பு) அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். வேகம் திரும்ப ஏறினால் பெட்ரோல் பற்றாக்குறை உறுதி. பல்ப் சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவில். டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அதோடு சரியானால் காற்று போகும் வென்ட் குழாய்தான் அடைத்திருக்கிறது. உப்பு படிந்திருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். டேங்க் காலியாகும் அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

அப்புறம் எஞ்சினை அணைத்து, எஞ்சின் பக்க முனையில் இரண்டு ஹோஸ்களையும் இடம் மாற்றி மாட்டுங்கள். சிந்தும் பெட்ரோலைத் துடைத்து, ஆவி போனபின் ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது இடது எஞ்சின் சோர்ந்தால் குற்றவாளி வலது டேங்கிலிருந்து வரும் வழி. வலதே மறுபடி சோர்ந்தால் வலது எஞ்சினின் மூடிக்குக் கீழே தேட வேண்டும், அப்போது பட்டறைக்காரர் சொன்ன பம்புக்கும் முறை வரலாம். ஒற்றை எஞ்சின்காரருக்கு இந்த வசதி கிடையாது. உங்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எஞ்சின் பக்கத்திலேயே தொங்குகிறது. ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். நாலைச் சேர்த்து மாற்றிச் சரியானால், எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது.

வழியில்தான் குறை என்றால் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை முதலில் கழற்றி, உள்ளிருப்பதைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ஹோஸின் உள்தோலையும் உரிக்கும். உரிந்த தோல் உள்ளே வால்வு மாதிரி மூடிக்கொள்வதால், வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசாகவே தெரியும். டேங்கின் உறிஞ்சு குழாய் வலையையும், அதன் தலையில் இருக்கும் சைஃபன் தடுப்பு வால்வையும் (ஹோஸ் அறுந்தால் டேங்க் பெட்ரோல் தானாக ஒழுகாமல் தடுப்பது) பார்த்துவிடுங்கள்.

அதுவரை முழு லீவர் வேண்டாம். பெட்ரோல் குறைந்த கலவையில் முழுச் சுமையோடு ஓடினால் பிஸ்டனே உருகிவிடும்.

கேள்வி: எங்கள் படகிலும் இரண்டு எஞ்சின். மணல் திட்டில் தட்டியதிலிருந்து இடது எஞ்சின் 6200 வரை துள்ளுகிறது, வலது பழையபடி 5400. வலதுக்குத்தான் பலம் போய்விட்டது என்கிறார் ஓட்டுநர். சரியா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: எனக்கு இடதின் மேல்தான் சந்தேகம். புரொப்பல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் தட்டியதில் நழுவியிருக்கும். அதனால் எஞ்சின் சுற்றுகிற அளவுக்கு இலை சுற்றுவதில்லை. படகைக் கரையேற்றி, நடுக்குழாயிலிருந்து வெளிக்கூடு வரை பெயின்ட்டால் ஒரே நேர்கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் மாற்ற வேண்டும், எஞ்சினில் கை வைக்கவே வேண்டாம். விலகவில்லை என்றால் இலை வளைந்திருக்கிறதா, இரண்டு புரொப்பல்லரிலும் பொறித்திருக்கும் பிட்ச் எண் (ஒரு சுற்றில் புரொப்பல்லர் முன்னேற வேண்டிய தூரம், அங்குலத்தில்) ஒன்றுதானா என்று பாருங்கள். ஓர் அங்குல பிட்ச் வித்தியாசம் 150 முதல் 200 ஆர்.பி.எம். வரை மாற்றிவிடும். புரொப்பல்லர்களை இடம் மாற்றிச் சோதிக்க நினைத்தால், இரண்டும் ஒரே திசையில் சுற்றுபவையா என்று முதலில் பாருங்கள். எதிரெதிராகச் சுற்றும் ஜோடி என்றால் மாற்றி மாட்டக் கூடாது.