இனத்தையும் மதத்தையும் பெருக்கினால் விடை வராது: இலங்கைத் தொகைமதிப்பு குறித்த கேள்வி பதில்

கேள்வி (ஆய்வு மாணவி, பேராதனை): 2012 தொகைமதிப்பின்படி இலங்கையில் தமிழர் 15.3 வீதம், கிறிஸ்தவர் 7.6 வீதம். இவ்விரண்டையும் பெருக்கி, தமிழ்க் கிறிஸ்தவர் சுமார் 2.37 இலட்சம் பேர் என்று ஆய்வேட்டில் எழுதியுள்ளேன். இது சரியா, ஐயா?

பதில்: அந்த எண்ணை நீக்கிவிடுங்கள், அம்மா. இரண்டு வீதங்களைப் பெருக்கும்போது இனத்துக்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் சொல்லாமல் சொல்கிறீர்கள். சிங்களவரில் பெரும்பாலோர் பௌத்தராகவும் சோனகர் என்ற இனத்தவரில் ஏறத்தாழ அனைவரும் இஸ்லாமியராகவும் உள்ள நாட்டில் அது பொருந்தாது. தொகைமதிப்பு அட்டவணையில் உள்ளதை மட்டும் வைத்துப் பாருங்கள். இலங்கைத் தமிழர் 22,69,266, இந்தியத் தமிழர் (மலையகத் தோட்டங்களில் வேலைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வம்சாவளியினர், அதாவது மலையக மக்கள்) 8,39,504, ஆகத் தமிழர் ஏறத்தாழ 31.1 இலட்சம். நாட்டின் இந்துக்கள் அனைவருமே தமிழர் என்று வைத்துக்கொண்டாலும் அவர்கள் 25.6 இலட்சம்தான். எனவே குறைந்தது 5.5 இலட்சம் தமிழர் இந்துக்கள் அல்லர். பௌத்தராகவும் இஸ்லாமியராகவும் பதிந்த சிறு தொகையைக் கழித்த பின்னும், தமிழ்க் கிறிஸ்தவரின் கீழெல்லை உங்கள் எண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்கும்.

கேள்வி (பத்திரிகையாளர், கொழும்பு): கீழெல்லை ஐந்து இலட்சம், மேலெல்லை நாட்டின் மொத்தக் கிறிஸ்தவர்களான 15.5 இலட்சம் என்றால், இவ்வளவு அகன்ற இடைவெளியால் என்ன பயன்?

பதில்: நாடு முழுவதற்கும் ஒரே கணக்காகப் போடுவதால்தான் அது அகன்று தெரிகிறது. மாவட்டம் மாவட்டமாகப் போட்டுக் கூட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய எல்லோரும் தமிழராதலால், அங்குள்ள கிறிஸ்தவர் தொகையே தமிழ்க் கிறிஸ்தவர் தொகை. காலி, மாத்தறையில் தமிழர் குறைவு என்பதால் மேலெல்லை தானே இறங்கிவிடும். சிக்கல் எஞ்சுவது கம்பகா, புத்தளம் போன்ற மாவட்டங்களில். சிங்களக் கத்தோலிக்கரும் தமிழ்க் கத்தோலிக்கரும் அருகருகே வாழும் அக்கரையோரத்தில் மாவட்டத்துக்கு அடுத்த சிறிய நிர்வாகப் பிரிவான பிரதேச செயலகப் பிரிவு வரை இறங்க வேண்டும்.

கேள்வி (ஆசிரியர், ஹட்டன்): 1981இல் 8,18,656ஆக இருந்த இந்தியத் தமிழர் 31 ஆண்டுகளில் இருபதாயிரம் பேர்தான் கூடினார்களா?

பதில்: இந்தக் கேள்வியைப் பலரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகை 1.48 கோடியிலிருந்து 2.04 கோடியாக, அதாவது 37 வீதம், உயர்ந்தது. மலையக மக்களும் அதே வேகத்தில் பெருகியிருந்தால் 2012இல் சுமார் 11.2 இலட்சம் பேர் இருந்திருப்பார்கள். பதிவானதோ 8.4 இலட்சம். இடையிலுள்ள 2.8 இலட்சத்தையும் ‘இலங்கைத் தமிழர் என்று மாற்றிப் பதிந்தவர்கள்’ என்று எழுதிவிடக் கூடாது. மலையக மக்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றவர்களின் பயணம் 1981க்குப் பிறகும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. போரும் பலரை வெளியேற்றியது. பிறப்பு, இறப்பு வீதங்களும் எல்லாச் சமூகத்துக்கும் ஒன்றல்ல.

ஆனால் மாற்றிப் பதிந்தது உண்மை. தோட்டத்து லயன் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) ஒன்றின் வாசலில், கணக்கெடுக்க வந்தவரிடம் ஒரு தாய் தன் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை நீட்டி, “இதில் இலங்கைத் தமிழர் என்றுதான் இருக்கிறது, அப்படியே எழுதுங்கள்” என்றதை நான் அருகில் நின்று கேட்டிருக்கிறேன். அது அவருடைய உரிமை. ஆதலால் நாம் மதிப்பிடுவது மலையக வம்சாவளியினரையா, தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்பவர்களையா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். இரண்டும் வெவ்வேறு எண்கள்.

கேள்வி (அதே ஆசிரியர்): 1981க்கும் 2012க்கும் இடையிலான கால இடைவெளியை நிரப்ப 2001 தொகைமதிப்பைப் பயன்படுத்தலாமா?

பதில்: நாடு முழுவதற்கும் முடியாது. போர் காரணமாக அன்று 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே கணக்கெடுப்பு முழுமையாக நடந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி ஆகியவை அந்தப் பதினெட்டில் அடங்குவதால், மலையகத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

கேள்வி (தொண்டு நிறுவனப் பணியாளர், பதுளை): எங்கள் தோட்டப் பிரிவில் அறுபது வயது கடந்தவர்களின் தொகை தேவை. மாவட்டத்தின் முதியோர் வீதத்தை எங்கள் தொகையோடு பெருக்கலாமா?

பதில்: தொடக்கப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட பிரிவில் முதியோரின் பங்கு மாவட்ட வீதத்தைவிட உயர்ந்திருக்கலாம். முடிந்தால் இரண்டு லயன்களில் வீடு வீடாகக் கேட்டு, கிடைக்கும் வீதத்தை மாவட்ட வீதத்துடன் ஒப்பிடுங்கள். இரண்டும் விலகினால், அறிக்கையில் இரண்டையும் கொடுங்கள்.