ஐந்தாம் ஆண்டில் எங்கே இருப்பீர்கள்? நாடும் ஊரும் தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்கு

“கனடா நல்லதா, ஜெர்மனி நல்லதா?” என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த நாட்டுச் சட்டம் உங்களை எத்தனை ஆண்டு, என்ன நிபந்தனையில் இருக்க விடும் என்பது ஒன்று. அங்கே எந்த ஊரில் வேலை கிடைக்கும், சம்பளத்தில் வாடகை கட்ட முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விசா விதிகளில்தான் பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு வேலை விளம்பரங்களில். பல குடும்பங்கள் இரண்டையும் ஒரே தரவரிசையைப் பார்த்து முடித்துவிடுகின்றன. தவறு தெரியவரும்போது கட்டணம் முழுவதும் கட்டியாகியிருக்கும்.

அந்தத் தரவரிசைகளை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். ‘வாழத் தகுந்த நகரங்கள்’ என்று ஆண்டுதோறும் செய்தியாகும், எகனாமிஸ்ட் இன்டெலிஜன்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனத்தின் பட்டியல் ஐந்து விஷயங்களை மதிப்பிடுகிறது: நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு. வாழ்க்கைச் செலவு அதில் இல்லை. விசா கிடைக்குமா என்பதும் இல்லை. இத்தகைய மதிப்பீடுகளை நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்களின் படியைக் கணக்கிடப் பயன்படுத்துகின்றன. வாடகையை நிறுவனமே கட்டும் ஒருவருக்கான அளவுகோல் கடன் வாங்கிப் போகும் மாணவருக்குப் பொருந்தாது. 2022 முதல் 2024 வரை அதில் முதலிடம் பிடித்த வியன்னாவையே பாருங்கள். அந்நகரின் மலிவு வாடகைக்குக் காரணம் மாநகராட்சிக் குடியிருப்புகள். அவற்றுக்கு விண்ணப்பிக்கவே ஏற்கெனவே அங்கே பதிவுசெய்து சில காலம் வசித்திருக்க வேண்டும். போன மாதம் இறங்கியவர் தனியார் சந்தையில்தான் வீடு தேட வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: படிப்பு விசா, படிப்பு முடிந்தபின் தங்கும் அனுமதி, வேலை அனுமதி, பி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் நிரந்தர வசிப்புரிமை. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மாதம், என்ன நிபந்தனை, அப்போது உங்கள் வயது என்ன என்று எழுதுங்கள். சங்கிலி பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில்தான் அறுகிறது. முதல் இரண்டு கட்டங்களை விளம்பரங்கள் விரிவாகச் சொல்லும். மூன்றாவதைப் பற்றி மூச்சு விடாது. கீழே வரும் எண்கள் 2025 இறுதி நிலவரப்படி உள்ளவை. விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் குடிவரவுத் தளத்தில் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் ஓராண்டு முதுகலை முடித்தவருக்கு இப்போது 2 ஆண்டு தங்கும் அனுமதி உண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதம். அதன்பின் தொடர்ந்து இருக்க, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசிடம் உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று வேலை தர வேண்டும். பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருவோருக்கு 33,400. இந்தச் சலுகைக்கு 4 ஆண்டு என்ற உச்சவரம்பு உண்டு, படிப்புக்குப் பின் தங்கிய காலமும் அந்த நான்கில் கழிக்கப்படும். இதைக் கவனிக்காதவர்கள் முழு வரம்பைத் தொட வேண்டிய நேரத்தில் திணறுகிறார்கள். கணவன் அல்லது மனைவியை அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: ஆராய்ச்சி அல்லாத பாடவழி முதுகலைக்குச் செல்வோர் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் வசதி 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டது.

அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் 12 மாதம் வேலைப் பயிற்சி, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பாடங்களுக்கு மேலும் 24 மாதம். அடுத்த படியான எச்-1பி வேலை விசா ஆண்டுக்கு 65,000, அங்கேயே முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் இதைவிட அதிகம் என்பதால் தேர்வுக் குலுக்கல். திறமை இருந்தும் குலுக்கலில் விழாமல் திரும்புவோர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு, அது அவர்கள் தவறல்ல. கிரீன் கார்டில் எந்த நாட்டில் பிறந்தவருக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. கணக்கில் வருவது பிறந்த நாடு. பின்னால் குடியுரிமை மாற்றினாலும் இது மாறாது. மக்கள்தொகை பெரிதான நாட்டில் பிறந்தவர்களுக்கு வரிசை மிக நீளம்.

ஜெர்மனியில் இந்தச் சங்கிலி சற்று உறுதியானது. படித்து முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம். பட்டதாரிகளுக்கான ‘ப்ளூ கார்டு’ வேலை அனுமதிக்குத் தகுதியான வேலை கிடைத்தால் பி1 அளவு (இடைநிலை) ஜெர்மன் மொழியோடு 21 மாதத்திலும், ஏ1 (தொடக்க நிலை) மட்டுமே இருந்தால் 27 மாதத்திலும் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதைவிட அதிகமாகவே வாங்குகிறது. ‘ஜெர்மனி என்றால் இலவசம்’ என்று நம்பி அந்த மாநிலத் தலைநகரான ஸ்டட்கார்ட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

கனடா, ஆஸ்திரேலியா இரண்டிலும் நிரந்தர வசிப்புரிமைக்கான புள்ளிக் கணக்கில் வயதுக்கும் புள்ளி உண்டு. கனடாவின் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ தேர்வு முறையில் 20 முதல் 29 வயதுவரை முழுப் புள்ளி. முப்பதிலிருந்து ஆண்டுதோறும் குறையும். கையில் வேலை இருந்தால் கிடைத்துவந்த கூடுதல் புள்ளியை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சு மொழி தெரிந்தவர்களுக்கான தனிச் சுற்றுகளில் தேவைப்படும் புள்ளி பலமுறை வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதனால் கனடாவை மனதில் வைத்திருப்பவர் பள்ளியிலேயே பிரெஞ்சு எடுப்பது வீண் போகாது. அங்கே படிப்புக்குப் பின் கிடைக்கும் வேலை அனுமதி வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அதை ஓராண்டு டிப்ளமோவில் செலவழித்துவிட்டால், பின்னால் முதுகலை படித்தாலும் திரும்பக் கிடையாது. எல்லாக் கல்லூரிகளும் இந்த அனுமதிக்குத் தகுதி பெற்றவையும் அல்ல. கட்டணம் கட்டுமுன் கல்லூரி, படிப்பு இரண்டின் பெயரையும் அரசுப் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் படிப்புக்குப் பின் தங்கும் விசாவுக்கான பொது வயது வரம்பு 2024 ஜூலையில் 50இலிருந்து 35க்கு இறங்கியது. முப்பத்திரண்டில் இரண்டாண்டு முதுகலை தொடங்கும் ஒருவருக்கு எவ்வளவு நெருக்கடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வளைகுடா நாடுகளை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, சேமிக்க நல்ல இடம், ஆனால் பெரும்பாலோருக்கு வேலை முடிந்தால் வசிப்பும் முடியும். இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

அடுத்தது தொழில் உரிமம். கணினித் துறைக்குப் போகிறவர் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மருத்துவம், செவிலியம், சட்டம், கட்டுமானப் பொறியியல், ஆசிரியப் பணி என்றால் நாடு தேர்வதற்கு முன்பே படிக்க வேண்டும். சட்டப் படிப்பு அந்த நாட்டுச் சட்டத்தோடு கட்டுண்டது, எல்லை தாண்டினால் பெரும்பகுதி மறுபடி படிப்பு. பொறியியல் பட்டங்களுக்கு ஒரு நாட்டுப் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கச் செய்ய 1989இல் உருவான வாஷிங்டன் உடன்பாடு உதவுகிறது. ஆனால் நாடு உறுப்பினராக இருப்பது மட்டும் போதாது, உங்கள் கல்லூரியின் அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவு நீங்கள் பட்டம் பெற்ற ஆண்டில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். செவிலியர்களுக்கு என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடாவின் பெரும்பாலான மாகாணங்கள் ஆகியவற்றில் பயன்படுகிறது. பிரிட்டனில் கணினிவழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் தனி. ஜெர்மனியில் மருத்துவர் ஆக, பொது மொழி பி2, மருத்துவ மொழி சி1 அளவில் ஒரு தேர்வு, படிப்பு இணையாகக் கருதப்படாவிட்டால் அதற்கு மேல் அறிவுத் தேர்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் தருவது மாநிலமும் மாகாணமும். ஒன்டாரியோவில் வாங்கிய உரிமத்தோடு வான்கூவரில் மறுநாளே வேலையில் சேர முடியாது. இத்தொழில்களுக்கு ஊர்த் தேர்வும் சட்டத்தின் கையில்தான்.

சட்டத்தில் தேறிய நாடுகள் இரண்டு மூன்று மிஞ்சும். ஊரைப் பார்க்க வேண்டியது அப்போதுதான். ஒவ்வொரு ஊருக்கும் உங்கள் துறையில், அனுபவம் குறைவானவர்களுக்கான 20 வேலை விளம்பரங்களை எடுத்துப் படியுங்கள். உள்ளூர் மொழி கேட்பவை எத்தனை, மூன்றாண்டு அனுபவம் கேட்பவை எத்தனை, விசா தருவோம் என்பவை எத்தனை என்று எண்ணுங்கள். பெர்லினில் மென்பொருளுக்கு ஆங்கிலம் மட்டும் கேட்கும் விளம்பரங்கள் கண்ணில் படும். அதே நாட்டில் இயந்திரப் பொறியியலுக்கு ஜெர்மன் இல்லாமல் வாசலைத் தாண்டுவது கடினம். நிறுவனம் உண்மையிலேயே வெளிநாட்டவரை எடுக்கிறதா என்று ஊகிக்க வேண்டாம். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசும் நெதர்லாந்து குடிவரவுத் துறையும் பொதுவில் வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் எந்த நிறுவனத்துக்கு எத்தனை எச்-1பி ஒப்புதல் கிடைத்தது என்ற தரவும் வெளியாகிறது.

பிறகு சம்பளக் கணக்கு. சராசரியைப் பார்க்காதீர்கள், அதைச் சில பெரிய சம்பளங்கள் மேலே இழுத்துவிடும். புதிதாகச் சேர்வோரின் நடு மதிப்பை எடுங்கள். வரியும் காப்பீடும் போக எவ்வளவு என்று அந்நாட்டுச் சம்பளக் கணிப்பானில் போட்டுப் பாருங்கள். ஜெர்மனியில் தனியாளின் 50,000 யூரோ சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிடித்தமாகப் போகும். மிச்சத்தில், வேலையிடத்திலிருந்து 45 நிமிடப் பயணத்துக்குள் ஒரு அறையின் வாடகை 40 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஊரை அடித்துவிடுங்கள், அல்லது அதே நாட்டில் இரண்டாம் நிலை ஊரைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் இது இரட்டை லாபம்: சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் தவிர மற்ற பகுதிகளில் படிப்பவருக்குப் புள்ளிக் கணக்கில் கூடுதல் உண்டு, அடிலெய்டும் பெர்த்தும் அதில் அடங்கும்.

வீடு கிடைப்பது வாடகையைவிடப் பெரிய சிக்கலாகும் ஊர்களும் உண்டு. நெதர்லாந்தின் சில பல்கலைக்கழகங்கள் தங்குமிடம் உறுதியாகாமல் வர வேண்டாம் என்றே மாணவர்களை எச்சரித்திருக்கின்றன. ஜெர்மனியில் குடியேறி இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளரின் கையெழுத்திட்ட சான்று தேவை. பதிவு இல்லாவிட்டால் வரி எண்ணும் வராது, அடுத்தடுத்த வேலைகளும் நிற்கும். ‘முகவரிப் பதிவு கிடையாது’ என்று சொல்லும் மலிவு அறை எதற்கும் உதவாது.

பெற்றோருக்குத் தனியாகச் சில வார்த்தைகள். விசாவுக்குக் காட்டும் பணம் குறைந்தபட்சம். உண்மைச் செலவு அல்ல. ஜெர்மனியின் முடக்கக் கணக்கில் (விசாவுக்காக முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992. மியூனிக்கில் அறை வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கும். பகுதிநேர வேலையைக் கட்டணக் கணக்கில் சேர்க்காதீர்கள். கனடாவில் வாரம் 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48, பிரிட்டனில் வாரம் 20 என்று வரம்பு உண்டு. அது சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் ஆகும், அதற்கு மேல் எதிர்பார்த்தால் விதியை மீறத் தூண்டுவதாகிவிடும். கடன் ஒரு நாணயத்திலும் கட்டணம் வேறு நாணயத்திலும் இருப்பதால், மதிப்பு சரிந்தால் தாங்க 10 முதல் 15 சதவீதம் தனியே வையுங்கள். ‘இலவச’ ஆலோசனை தரும் முகவர்களுக்குப் பணம் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகாக வருகிறது. ஜெர்மானிய அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகத் தரகு தருவதில்லை. அவை பல முகவர்களின் பட்டியலில் ஏன் இல்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பிள்ளை நிலைத்தபின் நாமும் போய்விடலாம் என்ற நினைப்பு இருந்தால் அதையும் இப்போதே சோதியுங்கள்: ஆஸ்திரேலியாவில் பெரும் தொகை கட்டாத பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு 30 ஆண்டுகளுக்கு மேல்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு இடங்கள் சமமாக நின்றால், மூன்றாம் ஆண்டில் திரும்பி வர நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும் என்று ஒப்பிடுங்கள். எதில் கடன் குறைவோ, எந்தப் பட்டம் மற்ற நாடுகளிலும் செல்லுமோ, அதற்கே எங்கள் ஓட்டு. குளிர், இருட்டு போன்றவற்றைக் கடைசியில் பாருங்கள், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். டிசம்பர் நடுவில் ஹெல்சின்கியில் பகல் 6 மணி நேரத்துக்கும் குறைவு. சிலருக்கு அது ஒன்றுமில்லை, சிலரை அது படிப்பையே விட வைக்கும்.

வேற்றுமொழி நாடு பட்டியலில் இருந்தால், விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே அந்த மொழி வகுப்பில் மூன்று மாதம் சேர்ந்து பாருங்கள். ஜெர்மனில் ஏ1 முடிக்க 80 முதல் 200 பாட வேளை, பி1 வரை செல்ல 350 முதல் 650 என்பது ஜெர்மன் மொழி கற்பிக்கும் கதே நிறுவனத்தின் கணக்கு. ஏ1லேயே வகுப்புக்குப் போக மனம் வராவிட்டால் ஜெர்மனியை அப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்; போனது ஒரு வகுப்புக் கட்டணம் மட்டுமே.