ஓடுகிற கப்பலைக் கூப்பிடும் விளக்கு

கேள்வி: கலங்கரை விளக்கம் என்கிறோமே, கப்பல்காரர்கள் கலங்காமல் இருக்க வைத்த விளக்கு என்பதாலா?
– காரைக்கால் வாசகி

பதில்: இல்லை அம்மா. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் கூப்பிடுதல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற பட்டினம் வருகிறது. அங்கே வானத்துக்கு முட்டுக் கொடுத்ததுபோல ஒரு மாடம். ஏறுவது கடினம் என்பதால் ஏணி சாத்தியிருக்கிறது. உச்சியில் 'இரவின் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி'. ஞெகிழி என்பது தீக்கட்டை. கடலில் ஓடுகிற கலங்களை அது கரைந்து அழைக்கிறது என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த ஏணியிலேயே நின்றுவிடும். தினமும் இருட்டுவதற்குள் யாரோ ஒருவர் விறகைச் சுமந்துகொண்டு அதில் ஏறியிருக்க வேண்டுமே!

உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்த புகாரையும் சொல்ல வேண்டும். அதன் கடற்கரையில் இரவில் எரிந்த விளக்குகளைச் சிலப்பதிகாரம் வரிசையாகக் காட்டுகிறது. அப்பம் விற்பவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, பரதவர் படகு விளக்கு. இவற்றுக்கு நடுவில்தான் 'இலங்குநீர் வரைப்பின் கலங்கரை விளக்கமும்' வருகிறது.

கேள்வி: சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூண் என்ன? யாருடைய நினைவுச் சின்னம்?
– தாம்பரம் வாசகர்

பதில்: யாருக்கும் எழுப்பிய நினைவுச் சின்னம் அல்ல. அதுவும் கலங்கரை விளக்கமாக இருந்ததுதான். என் அப்பா அங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். பள்ளி விடுமுறையில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அவரோடு போவேன். அந்தத் தூணின் நிழலில்தான் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவோம். "இதுக்கு மேல ஒரு காலத்துல விளக்கு எரிஞ்சுது, தெரியுமா?" என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பக்கத்தில் அதைவிட உயரமாக நீதிமன்றக் கோபுரம் நிற்கிறதே, விளக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். விடை என் கேள்வியிலேயே இருந்தது.

சென்னையின் முதல் விளக்கு 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் எரிந்தது. எண்ணெய்த் திரி விளக்கு. அப்புறம் கோட்டைக்கு வடக்கே கருங்கல்லில் இந்தத் தூணை எழுப்பி, 1844இல் விளக்கை இங்கே கொண்டுவந்தார்கள். தூணுக்குப் பக்கத்திலேயே 1892இல் நீதிமன்றம் எழுந்தது. அதன் கோபுரம் தூணைவிட உயர்ந்துவிட்டதால், 1894இல் விளக்கு அந்தக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறியது. கீழே வழக்கு, மேலே விளக்கு! 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சுட்ட குண்டுகளில் ஒன்று இந்த வளாகத்தின் மேலும் விழுந்தது. மதில் ஓரம் அதற்கொரு கல்வெட்டு இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

மெரினாவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் இன்றைய கோபுரத்துக்கு விளக்கு 1977இல்தான் போனது. அங்கே மேலே ஏற லிப்ட் உண்டு. போன வருடம் பேத்தியை அழைத்துப் போனேன். உச்சிக்குப் போனதும் அவள் கடலைப் பார்த்தாள். நான் வடக்கே திரும்பி, அந்த நீதிமன்றக் கோபுரம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.