மாத்திரைக்கும் நடைக்கும் நடுவில் பசியாறுங்கள்

கேள்வி: எனக்கு 66 வயது. இனிப்புநீர் வந்து 12 ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மின், கிளிக்லசைட் இரண்டும் எடுக்கிறேன். எங்கள் அடுக்குமாடிப் பெண்கள் ஞாயிறு காலையில் செனாம்ரோபிக் (இசைக்கு ஆடும் உடற்பயிற்சி) ஆடுவதைப் பார்த்து நானும் சேர்ந்தேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து பசியாறலாம் என்று வெறும் வயிற்றோடு போவேன். மூன்றாம் வாரம் பாதியிலேயே கை நடுங்கி, குப்பென்று வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. "இந்த வயதில் ஆட்டம் எதற்கம்மா, வீட்டு வேலை போதாதா?" என்கிறார்கள் பிள்ளைகள். நான் போகலாமா, கூடாதா?
– ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: போகலாம் அக்கா. நீங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் 'வெறும் வயிற்றோடு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். எனக்கும் இனிப்புநீர் உண்டு. நீங்கள் சொல்லும் நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளம். மெட்ஃபார்மின் தனியாக இப்படிச் செய்வது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பாராமல் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். அதே நேரத்தில் ஆடும் தசைகளும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இரண்டு பக்கமும் இழுத்தால் என்ன மிஞ்சும்?

ஆகவே மாத்திரை, பசியாறல், அதற்குப் பிறகு ஆட்டம். கிளம்பும் முன் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 5-க்குக் (mmol/L கணக்கில்) கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நடுக்கம் வந்தால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். 4-க்குக் கீழேயே நின்றால் இன்னொரு முறை குடியுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நடந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையின் அளவை அவர்தான் மாற்ற வேண்டும். நெஞ்சு இறுகியதென்றாலோ மூச்சு அடைத்ததென்றாலோ, இதயத்தைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

வீட்டு வேலை போதாதா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: அடுப்படியில் அம்மா நாள் முழுக்க நிற்கிறார். அது களைப்பைத் தரும், ஆனால் நெஞ்சுத் துடிப்பைச் சற்றே உயர்த்தி, அங்கேயே பத்து நிமிடமாவது நிறுத்தி வைக்காது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மருந்து. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

அந்த 150-ஐ ஞாயிறு ஒரே நாளில் தீர்த்துவிட முடியாது. ஒரு முறை உடம்பை அசைத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று நாள். ஞாயிறு ஆடியதன் பலன் புதன்கிழமைக்குள் கரைந்துவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி இறங்குகிற பெண்களை எனக்குத் தெரியும், பிறகு ஆண்டு முழுதும் நாற்காலிதான். அடுத்தடுத்து இரண்டு நாள் சும்மா இருந்துவிடாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள், மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தாலே 150 வந்துவிடும். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அந்தப் பத்து நிமிடம் நன்றாகவே அடக்கும். ஜெலுத்தோங்கில் கர்ப்பால் சிங் டிரைவ் கடலோரம் இருக்கவே இருக்கிறது. மேடு பள்ளம் இல்லை, மாலையில் காற்றும் வரும். மழையென்றால் கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் நடங்கள். மதிய வெயிலில் மட்டும் இறங்காதீர்கள்.

பாதங்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் அம்மா ஒரு நாள் சந்தையிலிருந்து சிலிப்பரில் நடந்து வந்தார். வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து நான்தான் அலறினேன். சிலிப்பருக்குள் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்று, புளியங்கொட்டை அளவுக்கு. அவ்வளவு தூரம் அதன் மேலேயே மிதித்து வந்திருக்கிறார், வலியே தெரியவில்லை. நரம்பு மரத்திருந்தது. அந்தப் புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது. மூடிய காலணி, பருத்திக் காலுறை, போடுமுன் காலணியைக் கவிழ்த்து ஒரு தட்டு, வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது: இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

செனாம்ரோபிக்கில் குதிக்கும் அசைவு வந்தால் நீங்கள் நின்ற இடத்திலேயே நடை போடுங்கள். கண்ணின் விழித்திரையைச் சோதித்து ஓராண்டு கடந்திருந்தால் முதலில் அதை முடியுங்கள். அங்கே இரத்தக்கசிவு இருந்தால் குதிப்பது ஆபத்து. நீண்ட நேரம் ஆடிய நாளில் சர்க்கரை இரவில்கூட இறங்கலாம், படுக்குமுன் ஒருமுறை பாருங்கள்.

பிள்ளைகளிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள் அக்கா. முதல் இரண்டு வாரம் மாலை நடைக்கு அவர்களில் ஒருவர் உங்களோடு வரட்டும், சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலத்தோடு.